கைப்பேசியின் காதுத் துளை

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் கம்பனையும் வள்ளுவனையும் கேட்டுப் பழகிய செவிகள் உங்களுடையவை. அத்தகைய செவிகளுக்கு முன்னே, 3.5 மில்லிமீட்டர் அகலமேயுள்ள ஒரு துளையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பொருள் இன்னதென்று செயலாளரிடம் தெரிவித்தபோது, அவர் சற்று நேரம் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நல்லது, பதினைந்து நிமிடங்களுக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். ஆகவே முன்னுரையை நீட்டாமல் பொருளுக்கு வருகிறோம்.

கைப்பேசியில் இயர்போன் கம்பியின் பின்னைச் செருகுவதற்கென ஒரு வட்டத் துளை இருந்ததல்லவா? ஹெட்போன் ஜாக் என்று இளைஞர்கள் வழங்குவது அதனையே. விலையுயர்ந்த கைப்பேசிகளில் இன்று அதனைக் காண்பது அரிதாகிவிட்டது. பிள்ளைக்குக் காது குத்தினால், துளை தூர்ந்துவிடாதபடி வேப்பங்குச்சியைச் செருகிக் காத்தவர்கள் நம் பாட்டிமார். கைப்பேசியின் காது தூர்ந்துபோனதை மட்டும் நம்மில் பலர் கவனியாமலே இருந்துவிட்டோம். எங்கள் இல்லத்திலும் கவனித்திருக்க மாட்டோம். எங்கள் தந்தையாரால் கவனிக்க நேர்ந்தது.

அவர் 1962-ஆம் ஆண்டில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஒரு தகரப் பெட்டியோடு தில்லி வந்து இறங்கியவர். கரோல்பாக்கில் மூவர் சேர்ந்து எடுத்த ஓர் அறை, மெஸ் சாப்பாடு, காலையில் சைக்கிளில் அலுவலகம். அந்நாளில் ஊரின் குரலாக அவருக்குக் கிடைத்தது வானொலி ஒன்றே. தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்தவரும் 2022-ஆம் ஆண்டில் மறைந்தவருமான சரோஜ் நாராயணசாமி அவர்களின் குரலைக் கேட்டால், உடன்பிறந்தாளின் குரலைக் கேட்டதுபோல் எழுந்து உட்காருவார். இன்று அவருக்கு வயது 85. துணைவியார் மறைந்த பிறகு அவர்க்கு இரவில் உறக்கம் குறைவு. கைப்பேசியைத் தலையணைக்கு அருகில் வைத்து, இயர்போன் கம்பியைக் காதில் பொருத்திக்கொண்டு, எப்.எம். வானொலியைக் கேட்டவாறே கண்ணயர்வார். காலையில் அக்கம்பியை நான்கு விரல்களில் சுற்றிப் பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டில் வைத்து மூடுவார். அந்த ஒழுங்கு ஒருநாளும் பிசகியதில்லை.

சென்ற தீபாவளிக்குப் பெங்களூரில் பணிபுரியும் பேரன், தாத்தாவுக்கென்று புதிய கைப்பேசி ஒன்றை வாங்கியனுப்பினான். அழகிய பொருள், கண்ணாடிபோல் பளபளத்தது. தந்தையார் அதனைக் கையில் எடுத்து நான்கு ஓரங்களையும் நகத்தால் தடவிப் பார்த்தார். "பின்னை எங்கே செருகுவது?" என்று கேட்டார். செருகுவதற்கு இடமில்லை.

அதற்கென்ன, கம்பியில்லாத காதுக் குமிழ்கள் இருக்கின்றனவே என்று உடனே இரண்டு வாங்கிக் கொடுத்தோம். அவை நல்லனவே, குறை கூற மாட்டோம். ஆயினும் முதியவர் காதில் அவை தங்கவில்லை. இரவில் கழன்று கட்டிலுக்கடியில் உருண்டன. அவற்றின் பெட்டிக்கு மின்னேற்ற வேண்டும், கைப்பேசிக்கும் மின்னேற்ற வேண்டும். ஒன்றை நினைத்தால் ஒன்று மறந்தது. ஒருநாள் வலப்பக்கத்துக் குமிழ் காணாமற்போயிற்று. அதன் பின்னர் ஒலியைத் திறந்துவைத்துக் கேட்கலானார். அடுத்த அறையில் தேர்வுக்குப் படிக்கும் பேத்திக்கு இடைஞ்சல். அவள் ஒன்றும் சொல்லவில்லை, கதவைச் சாத்தினாள். சாத்திய ஓசையை அவர் கேட்டார். மறுநாளிலிருந்து எதையுமே கேட்பதை நிறுத்திக்கொண்டார். கேட்டால், "எல்லாம் கேட்டாயிற்றப்பா, போதும்" என்றார்.

நாங்கள் இதைக் கண்டுகொள்ளவே மூன்று வாரமாயிற்று. அதனைச் சொல்ல வெட்கமாகவே இருக்கிறது.

இத்துளையின் வரலாறு நாம் நினைப்பதினும் பழையது. 1878-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் தொலைபேசி இணைப்பகங்கள் தோன்றின. அங்கே பணிபுரிந்தோர் ஒருவர் கம்பியை மற்றொருவர் கம்பியோடு இணைக்கக் கையாண்ட செருகியின் வழிவந்ததே இது. அதன் தடிமன் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். இங்குள்ள பெரியவர்களுக்கு டிரங்க் கால் நினைவிருக்கும். ஊரில் தாயாருக்கு உடல்நலமில்லை என்று தந்தி வந்தால், தபால் நிலையத்தில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருப்போம். முகம் தெரியாத ஓர் அம்மையார் பலகையிலுள்ள துளையில் செருகியைப் பொருத்துவார். அப்போது சென்னை நம் காதுக்கு வரும். நம் நாட்டில் நேரே எண்ணைச் சுழற்றி வெளியூருக்குப் பேசும் வசதி 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையேதான் முதன்முதலாக வந்தது. அதுவரையிலும், அதற்குப் பின்னும் பல்லாண்டுகள், அந்தத் துளையே நமக்கு ஊர் செல்லும் வழி.

டிரான்சிஸ்டர் வானொலி வந்தபோது செருகி 3.5 மில்லிமீட்டராக மெலிந்தது. 1979-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மேன் என்னும் கருவியை வெளியிட்டதும், அம்மெலிந்த செருகி உலகெங்கும் பரவிற்று. எந்த நாட்டில் செய்த கம்பியும் எந்த நிறுவனத்துக் கருவிக்கும் பொருந்தியது. நடைபாதையில் வாங்கிய இயர்போன் விமானத்தில் பொருந்தும். விமானத்தில் கொடுத்தது கணிப்பொறியில் பொருந்தும். சாதி பேதம் பாராத துளை என்று அதனைச் சொல்லலாம். இத்தனைக்கும் அது யாருக்கும் உரிமைத் தொகை கேட்கவில்லை.

இதனை அகற்றிய பெருமையை உலகம் ஆப்பிள் நிறுவனத்துக்கே தருகிறது. 2016 செப்டம்பர் 7 அன்று ஐபோன் 7 வெளியிடப்பட்டபோது, அந்நிறுவனத்தின் பில் ஷில்லர் மேடையில் நின்று, துளையை நீக்கியதற்குக் காரணம் துணிவே என்று கூறினார். அச்சொல்லை உலகமே எள்ளி நகையாடியது. உண்மையில் அதற்கு முன்னரே சிலர் அத்துணிவைக் காட்டிவிட்டனர். சீனத்து லீ-எகோ நிறுவனம் துளையற்ற கைப்பேசிகளை 2016 ஜூனிலேயே இந்தியாவில் விற்பனைக்குக் கொணர்ந்தது. பின்னர், ஒன்பிளஸ் நிறுவனம் தன் 6டி என்னும் கைப்பேசியிலிருந்து துளையை நீக்கி, அதனை 2018 அக்டோபர் 30 அன்று நமது தில்லியிலேயே விழா எடுத்து வெளியிட்டது. ஐபோனில் துளையில்லை என்று விளம்பரங்களில் கேலி செய்துவந்த சாம்சங் நிறுவனமும், 2019 ஆகஸ்டில் நோட் 10 கைப்பேசியில் அதே வழியைப் பின்பற்றியது. கூட்டத்தில் முதலில் எழுந்து போகிறவரைப் பழிப்போம். பிறகு நாமும் செருப்பைத் தேடுவோம். அதுபோன்றதே இதுவும்.

அவர்கள் கூறிய காரணங்களை நேர்மையோடு எடுத்து வைக்க வேண்டும். கைப்பேசியின் உள்ளே இடம் மிகவும் அருமையானது. அத்துளை விட்ட இடத்தில் மின்கலத்தைப் பெரிதாக்கலாம், பிற உறுப்புகளை வைக்கலாம் என்றார்கள். இது மெய். நீர் புகாமல் காப்பது எளிதாகும் என்றார்கள். இதில் முழு மெய் இல்லை. அதே 2016-இல் வந்த சாம்சங் எஸ்7 கைப்பேசி துளையோடு கூடியதாகவே நீரைத் தாங்கிற்று. கம்பிச் சிக்கல் ஒழியும் என்றார்கள். சமையலறையில் இயர்போன் கம்பி குக்கர் பிடியில் மாட்டிக்கொண்ட அனுபவம் இங்குள்ள தாய்மார்களுக்கு உண்டாகையால், இதனை மறுத்து நாம் அடிவாங்கத் தயாராயில்லை.

காரணங்களிற் சொல்லப்படாதது ஒன்றுண்டு. துளையை நீக்கிய அன்றே, அதே மேடையில், ஏர்பாட்ஸ் என்னும் கம்பியற்ற காதுக் குமிழையும் ஆப்பிள் அறிமுகம் செய்தது. இந்தியாவில் அதற்கு வைத்த விலை 15,400 ரூபாய். கதவை அடைத்தவரே சாளரமும் விற்றார். இன்று ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கம்பியற்ற குமிழ்கள் கிடைக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். விலை இறங்கியது, ஆனால் அவற்றின் வயது ஏறவில்லை. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் மிகச்சிறிய லித்தியம் மின்கலம் இருக்கிறது. ஏற்றி இறக்க, அது ஓரிரு ஆண்டுகளில் தளர்ந்துவிடுகிறது. பிரித்து மாற்றவும் பெரும்பாலும் வழியில்லை. கம்பி இயர்போனில் மின்கலமே இல்லை, அறுந்தால் ஒட்டலாம். தளர்ந்த குமிழ்கள் எங்கே போகின்றன என்று காண விரும்புவோர் யமுனைக்கு அப்பால் சீலம்பூர்ச் சந்துகளுக்குச் சென்று வரலாம். நாட்டின் மின்னணுக் கழிவுகளை ஏழை மக்கள் வெறுங்கையால் உடைத்துப் பிரிக்கும் இடம் அது. நமது காலனியிலிருந்து மெட்ரோவில் போய் வந்துவிடலாம்.

எங்கள் மகள் பொறியியல் பயில்பவள். அவள் எங்களோடு வாதிட்டாள். "1998-இல் ஐமேக் கணிப்பொறியில் பிளாப்பி வட்டுக்கு இடமில்லை என்றபோதும் இப்படித்தான் கூக்குரலிட்டார்கள். இன்று பிளாப்பிக்கு அழுவோர் உண்டா?" என்றாள். கேள்வி நியாயமானது. நாங்கள் இரண்டு நாள் விடை தேடினோம். பிளாப்பி செய்த வேலை முழுவதையும், அதனினும் நன்றாக, வேறொன்று செய்ய வந்தபின் அது மறைந்தது. இத்துளையோ, தான் செய்துவந்த வேலைகளுள் பாட்டுக் கேட்பதை மட்டும் மற்றொன்றிடம் ஒப்படைத்துவிட்டு, மீதியை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போயிற்று. அம்மீதி வேலைகளை யாரும் கணக்கிற் கொள்ளவில்லை.

அவற்றுள் முதலாவது வானொலி. கைப்பேசியில் எப்.எம். கேட்க இயர்போன் கம்பியைச் செருகச் சொல்வது ஏன் என்று நம்மிற் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. அக்கம்பிதான் ஏரியல். அந்நாளில் மொட்டை மாடியில் இரு மூங்கில் நட்டுக் கட்டிய ஏரியலின் பேரப்பிள்ளை அது. தில்லியில் எப்.எம். ரெயின்போ 102.6 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகிறது. அவ்வலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதனைச் செவ்வையாகப் பற்ற, அதில் காற்பங்காகிய முக்கால் மீட்டர்க் கம்பியேனும் இருத்தல் நன்று. இயர்போன் கம்பி ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகவே இருப்பதால் அப்பணியைச் செய்துவிடுகிறது. கம்பியற்ற குமிழ் 2.4 கிகாஹெர்ட்ஸில் கைப்பேசியோடு பேசும் கருவி. அது வானொலிக்கு ஏரியலாக முடியாது. சில பொத்தான் கைப்பேசிகளில் உள்ளேயே ஏரியல் வைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆயினும் பெரும்பாலான கைப்பேசிகளில் துளை போனபோது வானொலியும் உடன் போயிற்று. விதவிதமான செயலிகளில் வானொலி கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம், இணையம் உள்ளவரையில்.

இணையம் இல்லாத நாளை நாம் அறிவோம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, தில்லித் தமிழர் இல்லங்களில் இரவு முழுதும் விளக்கெரிந்தது. அங்கே பல பகுதிகளில் கைப்பேசிக் கோபுரங்கள் வாயடைத்துக் கிடந்தன. மாம்பலத்திலிருந்த எங்கள் சிற்றன்னையார் குடும்பத்தோடு இரண்டு நாள் பேச இயலவில்லை. மூன்றாம் நாள் பேசியபோது, மாடியிலிருந்து வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்ததாகவும், அதனால்தான் எந்தப் பாலம் மூடியிருக்கிறது, எங்கே படகு வருகிறது என்று தெரிந்துகொண்டதாகவும் சொன்னார்கள். பாம்பனில் மீனவர்க்கென்றே 2016 முதல் 90.4-இல் ஒலிபரப்பும் 'கடல் ஓசை' என்னும் சமுதாய வானொலி ஒன்று இருக்கிறது. காற்றின் போக்கையும் கடலின் சீற்றத்தையும் அது அவர்கள் மொழியிலேயே சொல்கிறது. அவர்களுக்கு இத்துளை பொழுதுபோக்கன்று.

அரசு இதனை அறியாமலில்லை. லோதி சாலையில் எலக்ட்ரானிக்ஸ் நிகேதன் என்னும் மாளிகையை நம் காலனியாரில் பலர் நாள்தோறும் கடந்து போகிறார்கள். சிலர் அங்கேயே பணியாற்றி ஓய்வு பெற்றிருக்கிறார்கள். அங்குள்ள அமைச்சகம் 2023 ஏப்ரலில் கைப்பேசி உற்பத்தியாளர் சங்கங்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. கைப்பேசிகளில் எப்.எம். வசதி குறைந்துவருவதைச் சுட்டி, உள்ளே வானொலிப் பொறி இருக்குமாயின் அதனை முடக்காமல் இயங்கவிட வேண்டும், இல்லையாயின் சேர்க்க வேண்டும் என்று அது கூறியது. ஏழைகட்கும் பேரிடர்க் காலத்துக்கும் வானொலி இன்றியமையாதது என்பது அதன் கருத்து. மிக நல்ல அறிவுரை. ஆனால் அறிவுரை என்பது ஆணையன்று. அரசு அலுவலகங்களில் தலை நரைத்த நமக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. மேலும், வானொலியை வை என்றவர்கள் அதன் ஏரியலைச் செருகும் இடத்தையும் வை என்று கூறியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மற்றொரு வேலையும் உண்டு. அது நம் சமூகத்துக்கு இனிப்பான, அல்லது இனிப்பைப் பற்றிய, செய்தி. தில்லி வட்டாரத்தில் 2015-இல் தொடங்கப்பெற்ற பீட்டோ என்னும் நிறுவனம், இரத்தச் சர்க்கரையை அளக்கும் சிறு கருவியொன்றைக் கொணர்ந்தது. விரல் நுனியளவான அக்கருவியைக் கைப்பேசியின் இயர்போன் துளையில் செருகினால், அளவு திரையில் தோன்றும். எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் அது இருந்தது. துளையற்ற கைப்பேசிகள் பெருகவே, டைப்-சி வாயில் செருகும் கருவியையும் அந்நிறுவனம் செய்ய வேண்டியதாயிற்று. செய்துவிட்டார்கள், பாராட்டலாம். ஆயினும் பழைய கருவியை வைத்திருந்த மூதாட்டி, மகன் புதுக் கைப்பேசி வாங்கித் தந்த அன்று ஒன்றுக்கு இரண்டாக மாற்ற நேர்ந்தது. காதுக்கென்று இட்ட துளை சர்க்கரையையும் அளக்கும் என்று அதனை ஆக்கியவர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார். பொதுவழி என்று ஒன்றைத் திறந்துவைத்தால் யார் யாரோ எதெதற்கோ நடந்து போவார்கள்.

இனி எங்கள் இல்லத்தில் நிகழ்ந்ததைச் சொல்லி முடிக்க வேண்டும். செயலாளர் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டுகிறார்.

நேரு பிளேஸ் சென்று, டைப்-சி வாயில் பொருத்திப் பழைய பின்னைச் செருகும் இணைப்பான் ஒன்று வாங்கினோம். வீட்டில் வந்து மாட்டினால் ஒலியில்லை. மறுநாள் போய்க் கேட்டபோது கடைக்கார இளைஞர் சிரித்தார். "அங்கிள், இது இரண்டு வகை" என்றார். சில கைப்பேசிகள் ஒலியைத் தாமே மாற்றி அந்த வாயின் வழியே அனுப்பும், சில அனுப்பா, அவற்றுக்கு, மாற்றும் சில்லு இணைப்பானுக்குள்ளேயே இருக்க வேண்டுமாம். பெட்டியின்மேல் அது தெளிவாக அச்சிடப்பட்டிருக்கவில்லை. இரண்டாம் வகையை வாங்கி வந்தோம். பாட்டுக் கேட்டது; எப்.எம். கேட்கவில்லை, அக்கைப்பேசியில் அது இல்லாததால். கேட்டுக்கொண்டே மின்னேற்றவும் முடியவில்லை, இருப்பது ஒரே வாய் ஆதலால்.

முடிவில் ஒன்று செய்தோம். பேரன் அனுப்பிய விலையுயர்ந்த கைப்பேசியைப் பேத்திக்குக் கொடுத்துவிட்டு, அதன் விலையில் நான்கிலொரு பங்குக்குத் துளையும் எப்.எம்.மும் உள்ள எளிய கைப்பேசியொன்றைத் தந்தையாருக்கு வாங்கினோம். விலை குறைந்தவற்றில்தான் அவ்வசதி இன்னும் உயிரோடிருக்கிறது என்பது விந்தை. ஏழையின் பொருள் என்று நாம் ஒதுக்குவதில் நமக்கு வேண்டியது இருந்தது. கண்ணாடிக் கூட்டிலிருந்து பழைய கம்பி வெளியே வந்தது. அன்றிரவு அவர் அறை விளக்கு அணைந்த பின்னரும் விரல்கள் கட்டில் சட்டத்தில் தாளமிடும் ஓசை கேட்டது. படித்துக்கொண்டிருந்த பேத்தி எழுந்து வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, மீண்டும் போய் உட்கார்ந்தாள். இம்முறை கதவைச் சாத்தவில்லை.

சங்கத்திடம் நம் வேண்டுகோள் சிறியது. கைப்பேசிப் பெட்டியின்மேல் கேமராவின் அளவைப் பெரிதாக அச்சிடுவதுபோல், இயர்போன் துளை உண்டா, எப்.எம். இயங்குமா என்பதையும் கட்டாயமாக அச்சிடச் செய்யுமாறு லோதி சாலை அமைச்சகத்துக்குச் சங்கத்தின் பெயரால் ஒரு விண்ணப்பம் எழுதலாம். நாமே வரைந்து கொண்டுவந்திருக்கிறோம். ஒப்பமிட விரும்புவோர் சிற்றுண்டி வரிசையருகே உள்ள மேசையில் இடலாம். ஊரிலுள்ள பெற்றோர்க்குப் பொங்கலுக்குக் கைப்பேசி வாங்கியனுப்ப நினைப்போர், வாங்குமுன் அவர்கள் இரவில் என்ன கேட்கிறார்கள் என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தந்தையார் முன் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். இவ்வளவு நேரமும் அவர் தலையை அசைத்துக்கொண்டிருந்ததைக் கண்டு மகிழ்ந்தோம். இப்போதுதான் பார்க்கிறோம், அவர் காதிலிருந்து ஒரு கம்பி சட்டைப் பைக்குள் போகிறது.